பெங்களூர்ப் பள்ளியாசிரியரும் மைசூர்ப் பிள்ளையும்: பல்கலைக்கழகங்களில் மொழி பயின்றோர் வரலாறு

சங்கத்தின் ஆண்டுவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் என்னைப் பணித்தபோது யான் முதலில் தயங்கினேன். யான் புலவர் பட்டம் பெற்றவன் அல்லேன். கல்லூரி வாயிலை மிதித்தவனும் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறி, இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தனாய் அமர்ந்து, சரக்குச் சீட்டும் கணக்கேடும் எழுதிக் காலம் கழிப்பவன். மாலை வேளைகளில் நூலகத்தில் கிடைத்தவற்றைப் படிப்பது ஒன்றே யான் பெற்ற உயர்கல்வி. எனினும் இவ்வாண்டு எம் இல்லத்தில் எழுந்த ஒரு வினா என்னைப் பல மாதங்கள் பழைய நூல்களின்பால் விரட்டியது. தேடிக் கண்டவற்றை நம் காலனிக் குடும்பத்தினரோடு பகிர்ந்துகொள்வது பிழையாகாது என்று துணிந்து எழுதலானேன். குற்றம் காணின் பெரியோர் பொறுத்தருள்க.

வினா இதுதான். பி.யு.சி. இரண்டாம் ஆண்டு தேறிய என் மகள், பல்கலைக்கழகத்தில் அயல்மொழிகளையும் உலக நாடுகளின் பண்பாட்டையும் பயிலப் போவதாகக் கூறினாள். ஈராண்டுகளாக மாலை வகுப்பில் செருமன் மொழி கற்று வருகிறாள். வணிகவியல் படிக்கட்டும் என்றனர் சிலர். கணிப்பொறி படிக்கட்டும் என்றனர் பலர். ஊரிலிருந்து வந்திருந்த என் தமையனார், "செருமன் படித்தவளுக்கு நம் நாட்டில் யார் சம்பளம் கொடுப்பார்?" என்று கேட்டார். ஆயினும் என் நெஞ்சில் தைத்தது என் தாயார் கேட்ட கேள்வியே. திருப்பத்தூரில் இருக்கும் அவர் தொலைபேசியில் சொன்னார்: "ஏற்கெனவே பிள்ளைக்குத் தமிழ் எழுத வராது. இன்னும் இரண்டு பாஷை சேர்ந்தால், இருக்கிறதும் போய்விடாதா, அப்பா?"

சம்பளம் பற்றிய கேள்விக்கு விடை கூற யான் தகுதியுடையவன் அல்லேன். தாயாரின் கேள்விக்கு வரலாற்றில் விடை உண்டா என்று பார்ப்போம் என்று தொடங்கினேன்.

நாம் வாழும் மல்லேஸ்வரத்திலிருந்தே புறப்படலாம். காடு மல்லேஸ்வரர் கோயிலை நம்முள் அறியாதார் இலர். சிவாஜியின் தம்பியாகிய ஏகோஜி அக்கோயிலுக்கு ஒரு சிற்றூரை மானியமாக விட்ட செய்தியை 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. இங்கே கன்னட நாட்டுக் கோயிலுக்குக் கொடை அளித்த அந்த மராட்டியரே சில ஆண்டுகளுக்குப் பின் தஞ்சையை அடைந்து அங்கே தம் மரபின் ஆட்சியை நிறுவினார். அம்மரபில் வந்தவரே இரண்டாம் சரபோஜி மன்னர் (1777-1832). மன்னர் வீட்டு மொழி மராட்டியம். குடிகளின் மொழி தமிழ். அவையில் பாடப்பெற்றது தெலுங்கு. பண்டிதர் ஓதியது வடமொழி. இவற்றுக்கு மேல், செருமானியப் பாதிரியாராகிய சுவார்ட்சு என்பவரிடம் வளர்ந்து ஐரோப்பியக் கல்வியும் பெற்றவர் அம்மன்னர். சரசுவதி மகால் நூலகத்தில் ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், இலத்தீன் நூல்களை அவர் வாங்கிச் சேர்த்தார். பல்கலைக்கழகம் என்ற பெயரே தென்னாட்டில் தோன்றாத காலத்தில் ஒரு தஞ்சை அரண்மனை உலக மொழிகளின் பள்ளியாய் இருந்தது. நம் தெருக்கோடிக் கோயிலின் கல்லுக்கும் தஞ்சை நூலகத்துக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது எனக்கு இவ்வாண்டுதான் தெரிந்தது.

மன்னர் பயின்றது ஆர்வத்தால். ஆங்கிலேயர் பயின்றது தேவையால். குடிகளின் மொழி தெரியாமல் வரி தண்டவும் வழக்குத் தீர்க்கவும் இயலாது என்பதைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் உணர்ந்தனர். 1800-இல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியும், 1812-இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியும் தோன்றின. சென்னைக் கல்லூரியின் உயிர்நாடியாய் இருந்தவர் எல்லிசு துரை. இக்கல்லூரியில் ஒரு புதுமை உண்டு. மாணவர்கள் அதிகாரிகளாகப் போகும் ஆங்கில இளைஞர்கள்; ஆசிரியர்களோ நம் நாட்டுப் புலவர்கள். சிதம்பரப் பண்டாரம் தமிழ் கற்பித்தார். பட்டாபிராம சாஸ்திரி தெலுங்கும் வடமொழியும் கற்பித்தார். தாண்டவராய முதலியார் மராட்டியத்திலிருந்து பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழ் உரைநடையில் பெயர்த்தார்; அயல்நாட்டார் தமிழ் பயில அது பாடநூலாயிற்று. நம் தமிழ் உரைநடையின் முதல் நூல்களுள் சில, அயல்மொழி மாணவர்க்காக எழுதப்பட்டவை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இப்படிப் பல மொழிப் புலவர்கள் ஒரே கூரையின்கீழ் அமர்ந்ததால் விளைந்த பயன் பெரிது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் துளுவும் ஒரு குடும்பத்தைச் சார்ந்தவை, வடமொழியினின்று பிறந்தவை அல்ல என்பதை எல்லிசு 1816-இல் சான்றுகளோடு எழுதினார். அது வெளிவந்த இடமும் கருதத்தக்கது: காம்பெல் என்பார் இயற்றிய தெலுங்கு இலக்கண நூலின் முன்னுரைப் பகுதி. கால்டுவெல் பாதிரியாரின் ஒப்பிலக்கணம் வந்தது அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, 1856-இல். கால்டுவெல்லைப் போற்றும் நாம் எல்லிசை ஓரளவு நினைக்கிறோம். அருகிலிருந்து சொல் சொல்லாக எடுத்துக்கொடுத்த பண்டாரத்தையும் சாஸ்திரியையும் அறவே மறந்தோம். ஒரு மொழியை மட்டும் அறிந்தவர்களால் கண்டிருக்க முடியாத உண்மை இது. கன்னடம் பேசும் அண்டை வீட்டாரும் நாமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை அந்தப் பழைய வகுப்பறையே முதலில் கண்டு கூறியது.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

1809-இல் பெங்களூரில் பாசறை அமைந்தபின் சென்னைப் படைகளோடு தமிழ்க் குடும்பங்களும் வணிகரும் வந்து குடியேறினர். 1864-இல் சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதை பெங்களூர்க் கண்டோன்மென்டைத் தொட்டது. அதன்பின் எழுத்தரும் தொழிலாளரும் வண்டி வண்டியாய் வந்தனர். என் போன்றோர் அந்த வண்டியின் கடைசிப் பெட்டியில் வந்தவர்கள் என்க. அங்ஙனம் தமிழ் ஒலித்த கண்டோன்மென்டில், 1870-களில், பிஷப் காட்டன் பள்ளியின் தலைமையாசிரியராய் இருந்தார் ஒரு பாதிரியார். அவரே ஜி. யு. போப்.

போப் 1820 ஏப்ரல் 24-இல் கனடா நாட்டைச் சேர்ந்த பிரின்சு எட்வர்டு தீவில் பிறந்தவர். பத்தொன்பது வயதில், 1839-இல், சென்னையில் வந்து இறங்கினார். இராமாநுச கவிராயரிடம் பாடம் கேட்டார். திருநெல்வேலிச் சீமைச் சாயர்புரத்திலும், பின் தஞ்சையிலும், உதகையிலும் பள்ளிகள் நடத்தினார். தமிழ் கற்பார்க்குக் கையேடுகள் எழுதினார். பள்ளியில் கடுமையான கண்டிப்புக்குப் பேர் போனவர், பிரம்பை நம்பியவர். இதைச் சொல்வது அவர் பெருமையைக் குறைக்க அன்று. நம் மேடைகளில் அவரை முனிவராக்கிப் பேசிப் பேசி, அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்பதை நாம் மறந்துவிட்டோம் என்பதற்காகவே. பெங்களூரில் அவர் கற்பித்த மாணவர் பெரும்பாலும் ஐரோப்பியப் பிள்ளைகள். பகலில் அப்பிள்ளைகளை அடக்கி ஆண்டவரின் உள்ளத்தில், இளமையில் கற்ற குறளும் நாலடியும் உறங்காமல் கிடந்தன.

ஏறத்தாழ அக்காலத்தில் இக்கன்னட நாட்டில் வேறு இருவரும் மொழிப்பணியில் இருந்தனர் என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். பெங்களூரிலேயே 1837-இல் பிறந்த ஆங்கிலேயராகிய லூயிசு ரைசு மைசூர்ச் சீமைக் கல்வெட்டுகளைத் திரட்டினார். அத்தொகுதிகளில் கோலார், பெங்களூர் வட்டாரங்களின் தமிழ்க் கல்வெட்டுகளும் பல உள்ளன. செருமானியராகிய கிட்டல் கன்னடப் பேரகராதியை 1894-இல் வெளியிட்டார். செருமனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகம் அதற்காக அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் நல்கியது. அவரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். எழுதவேண்டியவர் நம் கன்னட அன்பர்கள்.

போப் 1880-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பினார். வயது அறுபதைக் கடந்துவிட்டது. பிறராயின் ஓய்வு கொண்டிருப்பர். 1884-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் ஆசிரியராய் அமர்ந்தார். அங்கே தமிழ் எதற்கு என்று கேட்கலாம். இந்திய சிவில் சர்வீசுத் தேர்வில் தேறிய இளைஞர்கள், தாம் செல்லும் மாகாணத்தின் மொழியைக் கப்பல் ஏறுமுன்னரே கற்றாக வேண்டும் என்பது விதி. சென்னைக்கு வரவேண்டியவர் தமிழோ தெலுங்கோ கற்கவேண்டும். ஆகவே மாணவர் சிலர். பாடம் அடிப்படைப் பாடம். நோக்கம் அரசாங்க அலுவல். இவ்வளவே.

இந்தச் சிறிய வேலையை வைத்துக்கொண்டு அம்முதியவர் செய்ததைப் பாருங்கள். 1886-இல், தம் அறுபத்தாறாம் வயதில், திருக்குறளின் ஆங்கிலச் செய்யுள் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். 1893-இல் நாலடியார் வந்தது. திருவாசகத்தை எடுக்கத் தயங்கினார். முடிக்குமளவு ஆயுள் இராது என்பது அவர் அச்சம். அவர் பணிபுரிந்த பேலியல் கல்லூரியின் தலைவர் ஜோவெட் என்பவர், கல்லூரி முற்றத்தில் ஓர் இரவு அவரோடு உலவும்போது, பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்ட நாள் வாழும் வழி என்றும், அதை முடிக்கும்வரை அவர் வாழ்வார் என்றும் கூறினாராம். இதைப் போப்பே தம் முன்னுரையில் எழுதியுள்ளார். ஜோவெட் 1893-இல் மறைந்தார். போப் வாழ்ந்தார். 1900-இல், எண்பதாம் பிறந்தநாளன்று, திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரையில் கையெழுத்திட்டார். 1908 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டில் காலமானார்.

இங்கே ஒரு செய்தியைத் திருத்திக்கொள்ள வேண்டும். தம் கல்லறையில் "தமிழ் மாணவன்" என்று பொறிக்குமாறு போப் கேட்டுக்கொண்டார், அவ்வாறே பொறிக்கப்பட்டது என்று நம் மேடைகளில் ஆண்டுதோறும் கூறுகிறோம். யானும் சங்கத்துச் சிறுவர்களுக்கு அவ்வாறே கூறியவன். அக்கல்லில் அச்சொல் இல்லை. பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்ற செய்தி உண்டு. அதனோடு, அக்கல் அவருடைய குடும்பத்தாராலும் தென்னிந்தியாவில் உள்ள தமிழ் நண்பர்களாலும் நாட்டப்பெற்றது என்ற செய்தியும் உண்டு. கற்பனையைவிட இவ்வுண்மை எனக்கு உயர்வாகத் தோன்றுகிறது. ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது ஒன்று; ஆறாயிரம் கல் தொலைவிலிருந்து நண்பர்கள் பணம் சேர்த்து அனுப்பிக் கல் நாட்டுவது வேறொன்று. மகளிடம் இதைக் கூறியபோது, "அப்பா, இத்தனை ஆண்டு தப்பாகச் சொல்லிக்கொடுத்தீர்களா?" என்று சிரித்தாள். ஆம் என்றேன்.

அயலார் தமிழ் கற்ற கதை இதுவரை. என் தாயார் கேட்டதோ தமிழ்ப் பிள்ளை அயல்மொழி கற்றால் என்னாகும் என்பது. அதற்குப் போப் விடையாக மாட்டார். அதற்கு மைசூருக்குச் செல்லவேண்டும்.

1929 மார்ச்சு 16-இல் மைசூரில் ஒரு தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர் ஏ. கே. இராமானுசன். தந்தையார் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். அவ்வீட்டின் மொழி வழக்கு நம் காலனி வீடுகளை ஒத்தது. கீழ்த்தளத்தில் தாயாரோடும் பாட்டியோடும் தமிழ். மாடியில் தந்தையாரின் நூலறையில் ஆங்கிலம். வாயிற்படி தாண்டினால் கன்னடம். பிள்ளை கல்லூரியில் முதலில் அறிவியல்தான் எடுத்தான். மகனுக்குக் கணிதம் இயல்பன்று என்று கண்ட தந்தையார், ஆங்கில இலக்கியத்துக்கு மாறுமாறு அவரே அறிவுறுத்தினார். கணிதப் பேராசிரியர் ஒருவர் தம் மகனைக் கணிதத்தினின்று விடுவித்து மொழிக்கு அனுப்பினார் என்பதைப் படித்த அன்றிரவு யான் நெடுநேரம் உறங்கவில்லை. அவருக்குக் கணிதம் தெரியும். ஆதலால் விடுவிக்க முடிந்தது. எனக்கு எது தெரியும், எதிலிருந்து விடுவிக்க?

மகாராஜா கல்லூரியில் ஆங்கிலம் பயின்ற இராமானுசன் கொல்லம், பெல்காம், பரோடா முதலிய ஊர்களில் ஆங்கில ஆசிரியராய் இருந்தார். பின் பூனா டெக்கான் கல்லூரியில் மொழியியல் கற்று, 1959-இல் அமெரிக்கா சென்று, இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து பட்டம் பெற்றார். 1962-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தார்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அக்காலத்தில் தமிழ் தெரிந்தவரைத் தேடியதற்குக் காரணம் ஒன்று உண்டு. 1957 அக்டோபரில் இரஷ்யர் ஸ்பூட்னிக் என்னும் செயற்கைக் கோளை வானில் ஏவினர். தம் கல்வி பின்தங்கிவிட்டதோ என்று அஞ்சிய அமெரிக்க அரசு அடுத்த ஆண்டே ஒரு கல்விச் சட்டம் இயற்றியது. அறிவியலுக்கும் கணிதத்துக்கும் பணம் ஒதுக்கிய அச்சட்டம், உலக மொழிகளையும் அவற்றைப் பேசும் நாடுகளையும் பற்றிக் கற்பிக்கும் நடுவங்களுக்கும் பணம் ஒதுக்கியது. மொழியை மட்டும் தனியே கற்பியாமல், அம்மக்களின் வரலாறு, சமயம், இலக்கியம், வாழ்க்கை முறை அனைத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் முறை அதனால் வளர்ந்தது. இன்று என் மகள் "மொழியும் பண்பாடும்" என்று சொல்லும் படிப்பு வளர்ந்ததில் அதற்கும் பங்கு உண்டு. வானில் சுற்றிய இரஷ்யக் கோள் ஒன்று சிகாகோவில் தமிழ் வகுப்புக்கு வழி செய்தது எனில், வரலாற்றின் போக்கை என்னென்பது!

இன்னொன்று அதைவிட வியப்பு. 1950-களிலும் 60-களிலும் நம் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு இருந்தபோது, பி.எல். 480 என்னும் சட்டத்தின்படி அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாய் வந்தது. அதன் விலையை நாம் டாலரில் செலுத்த வேண்டியதில்லை, ரூபாயில் செலுத்தினோம். அந்த ரூபாயை அமெரிக்கர் இந்தியாவிலேயே செலவிட வேண்டியிருந்தது. ஆகவே 1962 முதல் அப்பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு இந்திய மொழிகளில் வெளிவரும் நூல்களை வாங்கித் தம் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பினர். அவற்றுள் தமிழ் நூல்களும் பல. துறைமுகத்திலிருந்து கோதுமை மூட்டைகளை ஏற்றி வந்த சரக்கு வண்டிகளைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் பழைய ஊழியர் பேசக் கேட்டிருக்கிறேன். அக்கோதுமையை உண்டவர் நாம். அதன் விலையில் நம் புத்தகங்களைப் படித்தவர் அவர்கள்.

நிற்க. 1962-இல் ஒரு சனிக்கிழமை இராமானுசன் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறைக்குள் சென்றார். பழந்தமிழ் இலக்கணத்துக்கு ஒரு தொடக்கநூல் கிடைக்குமா என்று தேடினார். ஏன்? அவருக்குப் பழந்தமிழ் தெரியாது. வீட்டில் பேசிய தமிழ் உண்டு; சங்கத் தமிழை அவர் கற்றதில்லை. அங்கே தூசி படிந்த அடுக்கில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகை அவர் கைக்கு அகப்பட்டது. ஐயரவர்கள் அந்நூலை 1937-இல் பதிப்பித்தார். மைசூரில் தாய் மடியில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, முப்பத்து மூன்றாம் வயதில், கடல்கடந்த ஊரின் நிலவறையில் குறுந்தொகை கிடைத்தது.

அப்பாடல்களைப் பயின்று, ஐந்தாண்டுகள் கழித்து, 1967-இல், தேர்ந்தெடுத்த பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பை நூலாக வெளியிட்டார். பின்னர்ப் புறப்பாடல்களும் நம்மாழ்வார் பாசுரங்களும் அவரால் ஆங்கிலம் ஏறின. கன்னடத்தையும் அவர் விடவில்லை. பசவண்ணர், அக்கமகாதேவி முதலியோரின் வசனங்களை 1973-இல் மொழிபெயர்த்து வெளியிட்டார். கன்னடத்தில் கவிதையும் எழுதினார். 1993 ஜூலையில் சிகாகோவிலேயே மறைந்தார். சங்கப் பாடல் என்றால் இன்று ஆங்கிலம் படிக்கும் உலகில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் பெயரே. தமிழ் அவருக்குப் பிறப்புரிமையாய் வந்தது பாதி; மீதியை மாணவனைப்போல் தேடிப் பெற்றார். பல மொழி கற்றது அவருடைய தமிழைக் கொல்லவில்லை. மொழியியல் கற்றிராவிடில் அவர் அந்த நிலவறைக்குள் சென்றிருப்பாரா என்பதே என் ஐயம்.

ஒருவரைக் கொண்டு முடிவு கட்டலாகாது என்று என் தமையனார் கூறுவார். ஆகவே இன்னொருவரையும் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பக்கத்தில் 1913-இல் பிறந்தவர் சேவியர் தனிநாயகம் அடிகள். ஆங்கிலப் பள்ளியில் கற்று, குருமடத்தில் பயின்று, உரோமாபுரியில் சமயக்கல்வியில் டாக்டர் பட்டம் பெற்றார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு முதலிய மொழிகள் அவருக்குப் பழக்கம். தமிழோ? திருநெல்வேலி வடக்கன்குளத்தில் பள்ளியாசிரியராய் அமர்ந்த பின்னரே, ஏறக்குறைய முப்பது வயதில், ஒரு பண்டிதரிடம் முறையாகத் தமிழ் கற்கத் தொடங்கினார். 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தம்மினும் இளையவரோடு வகுப்பில் அமர்ந்து எம்.ஏ. பயின்றார். 1952-இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆராய்ச்சி இதழைத் தொடங்கினார்.

அவர் கற்ற ஐரோப்பிய மொழிகள் தமிழுக்கு எப்படிப் பயன்பட்டன என்பதற்கு ஒரு சான்று போதும். 1554-இல் லிஸ்பனில் அச்சான சிறு சமயநூல் ஒன்று உண்டு. தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில், போர்த்துகீசிய மொழியோடு சேர்த்து அச்சிடப்பட்டவை. போர்த்துகீசு தெரியாத தமிழறிஞருக்கு அது கண்ணில் படாது. தமிழ் தெரியாத போர்த்துகீசியருக்கு அதன் அருமை தெரியாது. இரண்டும் தெரிந்த அடிகள் ஐரோப்பிய நூலகங்களில் துருவி அத்தகைய நூல்களைத் தமிழுலகுக்கு அறிவித்தார். 1679-இல் அச்சாகி, வத்திக்கான் நூலகத்தில் கிடந்த புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துகீசிய அகராதியை 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்புச் செய்தார். அப்போது அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் பேராசிரியர். 1964 ஜனவரியில் டில்லியில் கூடிய கீழ்த்திசை அறிஞர் மாநாட்டின்போது அவரும் பிற நாட்டறிஞரும் கூடி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினர். 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. 1968-இல் சென்னையில் இரண்டாவது. சென்னைக் கடற்கரையில் போப்புக்குச் சிலை வைத்தது அம்மாநாட்டின்போதுதான். அச்சிலையைக் காணும்போதெல்லாம், அவர் பெங்களூர் வாத்தியார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கலாம்.

எல்லாரும் இப்படித் தமிழுக்குத் திரும்பினர் என்று யான் கூறவில்லை. வீட்டில் தமிழ் பேசிய மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடத்திலேயே எழுதி, 1983-க்குரிய ஞானபீடப் பரிசு பெற்றார். அவரைத் தமிழ் இழந்தது என்று வருந்துவோர் உளர். யான் வருந்தேன். அவர் வாழ்ந்த மண்ணுக்கு அவர் எழுதினார். ஆனால் மொழி எதையுமே பயிலாமல், வீட்டுத் தமிழும் தேய்ந்து, தெருக் கன்னடமும் அரைகுறையாகி, அலுவலக ஆங்கிலத்தோடு நின்றுவிடும் பிள்ளைகள் நம் காலனியில் பலர். அவர்களைக் குறித்து யாரும் கேள்வி எழுப்பியதில்லை.

மைசூரைப் பற்றி இன்னும் ஒரு சொல். 1969-இல் நடுவணரசு அங்கே இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தை அமைத்தது. பிற மாநில ஆசிரியர்கள் தென்னாட்டு மொழிகளை அங்கு வந்து கற்றனர். 2004-இல் தமிழ் செம்மொழி என அறிவிக்கப்பட்டபின், அதற்கான உயராய்வு மையம் முதலில் அந்நிறுவனத்திலேயே இயங்கிற்று. 2008-இல்தான் சென்னைக்குப் பெயர்ந்தது. நம் மகளிர் தசராவுக்கு மைசூர் சென்று அரண்மனை விளக்கு கண்டு வருகின்றனர். அடுத்த முறை இராமானுசன் படித்த மகாராஜா கல்லூரியையும் கண்டு வரலாம், அரண்மனைக்குத் தொலைவில்லை.

இவ்வளவையும் தாயாரிடம் தொலைபேசியில் கூற முயன்றேன். போப்பை அறிவார், சரபோஜியையும் அறிவார். சிகாகோ நிலவறைக் கதையைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பின், "அந்தப் பையன் தேடிப் போனான். இவள் தேடுவாளா?" என்றார்.

விண்ணப்பப் படிவம் நிரப்பும் நாள் வந்தது. படிவத்தில் "அறிந்த மொழிகள்" என்று ஒரு கட்டம். அதன் எதிரே பேச, படிக்க, எழுத என்று மூன்று பிரிவுகள். கன்னடத்துக்கு மூன்றிலும் குறியிட்டாள். ஆங்கிலத்துக்கு மூன்று, இந்திக்கு மூன்று, செருமனுக்கும் மூன்று. தமிழுக்குப் பேச என்பதில் மட்டும் குறியிட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிழை அவளுடையது அன்று. இரவுப் பணியும் பகல் உறக்கமுமாய்ப் பதினேழு ஆண்டுகளைப் போக்கியவன் யான். சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிறர் பிள்ளைகளை அழைத்து வந்தவன், தன் பிள்ளையை அழைத்து வந்தவன் அல்லன். படிவம் அவ்வாறே சென்றது. இடமும் கிடைத்தது.

சென்ற இரண்டு மாதங்களாக ஞாயிறு வகுப்பின் கடைசிப் பலகையில், ஏழெட்டு வயதுச் சிறார்க்குப் பின்னால், உயரமான பெண் ஒருத்தி அமர்ந்திருப்பதைச் சங்கத்தினர் கண்டிருக்கலாம். சென்ற வாரம் அவள் பாட்டிக்குத் தமிழில் ஓர் அஞ்சலட்டை எழுதினாள். யான் திருத்தக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அட்டை கிடைத்ததும் தாயார் தொலைபேசியில் அழைத்து, நான்கு பிழைகள் இருப்பதாகக் கூறினார். அஞ்சலில் சேர்க்குமுன் யான் எண்ணியபோது ஐந்து இருந்தன.